மாடி போர்ஷனும் அனுப்பிரியாவின் ஐந்து படங்களும்

செம்பாக்கம்
12-6-2008

மஸ்கட்டில் இருக்கும் என் மூத்த மகன் சக்திவேலுவுக்கும் மருமகளுக்கும் அம்மா கிளியம்மாள் மனதார வாழ்த்தி எழுதுவது. இங்கு நானும் உன் அப்பாவும் சுகம். போன் பேசிய அன்று ஏறிய உன் பிரஷர் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் நீ பேசினாய், நான் கேட்டேன். நான் வாயைத் திறந்தபோது வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன். என் எழுத்து ஐந்தாம் வகுப்பு எழுத்து, தப்பிருந்தால் பேரன் தணிகைவேலைத் திருத்திப் படிக்கச் சொல்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் அனுப்பிரியாவுக்குக் கம்பெனியில் சிறந்த ஊழியர் என்று கண்ணாடியில் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். டி.வி. மேல் வைத்திருக்கிறேன், டி.வி. பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். உன் தங்கை காமுவின் மகன் டில்லிபாபு வகுப்பில் மூன்றாம் ரேங்க். முதல் இரண்டு பேரும் டியூஷன் போகிறவர்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆகவே இவன்தான் முதல். காமுவின் சின்னவள் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடும் போட்டியில் கடைசியாக வந்தாள், ஆனால் பழம் கீழே விழாமல் வந்தவள் அவள் ஒருத்திதான். தணிகைவேல் அங்கே சூப்பர்வைசர் ஆனதை நான் தெருவில் சீஃப் இன்ஜினியர் என்று சொல்லியிருக்கிறேன். நீ யாரிடமும் மாற்றிச் சொல்லிவிடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ சொன்னது இரண்டு. ஒன்று, அனுப்பிரியாவின் படங்களை இன்டர்நெட்டிலிருந்து எடுக்க வேண்டும். அன்று சாயங்காலமே எடுத்தாயிற்று. இன்னொன்று, புரோக்கர் ஜலால் பாயிடமிருந்து மாடிச் சாவியை வாங்கிவிட வேண்டும், இனி அவர் நம் வாசல்படி ஏறக் கூடாது, அடுத்த தடவை நீயே அங்கிருந்து இன்டர்நெட்டில் ஆள் பிடித்துக்கொள்வாய். இது மட்டும் என்னால் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன், டீ போட்டுக்கொண்டு உட்கார்.

நம் மாடிக்கு இதுவரை குடிவந்தவர்கள் எல்லோரையும் கூட்டி வந்தது ஜலால் பாய்தான், உனக்கே தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீட்டுச் சாவியெல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும், அவர் வருவது டி.வி.எஸ். வண்டிக்கு முன்னால் சாவிச் சத்தத்தில் தெரியும். இப்போது வீட்டுக்காரர்களே விளம்பரம் போட்டுக்கொள்ள இன்டர்நெட்டில் ஓர் இடம் வந்திருக்கிறதாம். "ஓனர் மட்டும், புரோக்கர் வேண்டாம்" என்று முகப்பிலேயே எழுதியிருக்கிறதாம். பின் தெரு லாசரஸ் சார் அதில் தானே போட்டு, ஆளும் வந்து, சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அன்று பாய் நம் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, "இன்னாம்மா பண்றது, ஊரே என்னைத் தாண்டிப் போய்க்கினு கீது" என்றார். உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அவர். ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கம்ப்யூட்டர் படிக்கிற மகள் சோயாவைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "ஓனருக்குத் தெரியாதத ஓனர் பேர்லயே நான் செஞ்சு தர்றேன். புரோக்கர்னு சொன்னாதானே வேணான்றான், ஹெல்ப்புனு சொல்லிக்கிறேன்" என்றார். அந்த ஹெல்ப்புக்கு முதல் வீடு நம் வீடு. ஆடி பிறப்பதற்குள் நமக்கு ஆள் வந்தால் தெரு அவரை நம்பும். நாமே சாவியைத் திருப்பி வாங்கினால் தெருவே வரிசையில் நின்று சாவி கேட்கும், அப்புறம் அவர் இடுப்பில் பெல்ட்தான் இருக்கும்.

படம் எடுக்க வந்தார். காலி ஹாலைக் குறிவைத்து நின்றார். நான் குறுக்கே போய் நின்றேன். ஆளில்லாத வீட்டைப் படம் பிடிக்கலாமா? வீட்டை இருட்டில் விட்டுவிட்டுப் போனதுபோல் ஆகாதா? விளக்கேற்றி ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றேன். "அம்மா, நெட்ல ஆள் வேணாம், ரூமுதான் வேணும். பாத்ரூமக்கூட எடுக்கணும்ன்றாங்க" என்றார். "உலகம் பூராவும் பார்க்கவா?" என்று கேட்டேன். "அதத்தாம்மா மொதல்ல பாக்குறாங்களாம்" என்றார். பாத்ரூமுக்கு நான் கதவைச் சாத்திவிட்டேன். மற்ற இடங்களில் யார் நிற்பது? உன் அப்பாவைக் கூப்பிட்டால் சட்டை போட மாட்டேன் என்கிறார். நான் நின்றால் வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிவிடுகிறேன், தூங்குகிற வீட்டுக்காரி என்று வாடகைக்கு வருகிறவன் இளக்காரமாக நினைப்பான். அப்போது ஆபீஸ் லீவு என்று அனுப்பிரியா உட்கார்ந்திருந்தாள். தீபாவளிப் பட்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். வாசலில் கோலத்தோடு ஒன்று, ஹாலில் விளக்கோடு ஒன்று, சமையலறையில் பால் காய்ச்சுகிற மாதிரி ஒன்று, பால்கனியில் ஏரியைப் பார்க்கிற மாதிரி ஒன்று, பூஜை அலமாரி பக்கத்தில் ஒன்று. உலகத்துக் கண்ணெல்லாம் படுமே என்று கன்னத்தில் மைப்பொட்டும் வைத்தேன். படம் என்றால் அப்படி இருந்தது. ஜன்னல்தான் கொஞ்சம் மறைந்துவிட்டது.

அடுத்து, வீட்டின் சிறப்பைப் பற்றி எழுத ஒரு கட்டம் இருக்கிறது என்று சோயா கேட்டாளாம். பாய் போர் தண்ணீர், கார் நிறுத்த இடம் என்று ஆரம்பித்தார். "போர் தண்ணி ஊரெல்லாம் இருக்கு பாய், கேடயம் வாங்கின பொண்ணு ஊரெல்லாம் இருக்கா?" என்று கேட்டேன். எழுதியதை அடித்துவிட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்: பேத்தி முதல் வகுப்பில் தேறியவள், பெரிய கம்பெனியில் வேலை, நல்ல குணம், பேரன் மஸ்கட்டில் சீஃப் இன்ஜினியர். கடைசியில் இடம் மிச்சம் இருந்ததால் போர் தண்ணீரும் கார் நிறுத்த இடமும் சேர்த்தோம்.

மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தது உன் அப்பா. அவருக்குத்தான் போனில் நாலு வார்த்தைக்கு மேல் ஓடாதே. யார் என்ன கேட்டாலும், "ஞாயித்துக்கெழம வந்து பாருங்க, புடிச்சிருந்தா மத்ததப் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பட்டுச்சேலையில் பெண்கள், வெள்ளை வேட்டியில் பெரியவர்கள், நடுவில் முழுக்கைச் சட்டையில் ஒரு பையன். வீடு பார்க்க இத்தனை பேரா என்று கேட்டேன். பையனுடைய அம்மா, "எல்லாரும் பாத்தாத்தாங்க மனசு நெறயும்" என்றாள். பொறுப்பான குடும்பம் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் வீடு பார்க்க வருகிறவர்கள் வந்ததும் குழாயைத் திருகுவார்கள், சுவரைத் தட்டுவார்கள். இவர்கள் நம் ஹாலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மாடிக்கு வாருங்கள் என்றால், "இருக்கட்டும், இங்கியே வரட்டும்" என்கிறார்கள். மாடியைக் கீழே வரச் சொல்கிற ஆட்களை நான் பார்த்ததில்லை. அந்த அம்மா பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து, பூ, பழம், வெற்றிலை எல்லாம் வைத்தாள். இன்றைக்கே பால் காய்ச்ச வந்துவிட்டார்கள் என்று உன் அப்பா பதறிப்போய், "சாவி பாய்கிட்ட கீதுங்க, வந்துருவாரு" என்றார்.

அந்த நேரம் பார்த்து மொட்டைமாடியிலிருந்து அனுப்பிரியா இறங்கி வந்தாள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்காகத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் சொல்லியிருந்தேன், அவன் வரவில்லை, இவளே உள்ளே இறங்கிவிட்டாள். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, தலையில் துண்டு, கையில் சேற்று வாளி. "ஆயா, தொட்டில ஓணான் செத்துக் கெடந்துச்சு, எடுத்துப் போட்டுட்டேன்" என்றாள். அந்த அம்மா மெதுவாக, "இதாங்க பொண்ணா?" என்று கேட்டாள். அனுப்பிரியா தட்டைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, வாடகைக்கு விடறது மாடிய. நான் சும்மா போட்டோல நின்னேன்" என்றாள்.

முதலில் சிரித்தது அந்தப் பையன்தான். "கல்யாண வெளம்பரத்துல கார் பார்க்கிங் எதுக்கும்மான்னு அப்பவே கேட்டேன்ல" என்றான். அவன் அம்மா, "சொந்தக்காரங்க பிரிண்ட் எடுத்துக் குடுத்த தாளப் பாத்து, பொண்ணுக்குக் குடுக்கப்போற வூடுன்னு நெனச்சேன்டா" என்றாள். இதைக் கேட்டுக்கொண்டே வாசலில் வந்து நின்ற ஜலால் பாயின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான், தொழில் போயிற்று என்று கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வைத்த கையோடு சாவிக்கொத்தை எடுத்தார். "வந்தது வந்துட்டீங்க, ஒரு நடை மேல ஏறிப் பாத்துட்டுப் போங்க. பாக்குறதுக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது" என்று முன்னால் நடந்தார். வெட்கத்தில் உட்காரவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் இருந்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. மேலே போய் ஏரிப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு பாய் வாயை மூடிக்கொண்டார். காற்று பேசிற்று. கொஞ்ச நேரத்தில் குழாய் திருகுகிற சத்தம் கேட்டது, எனக்கு உயிர் வந்தது.

விஷயம் என்னவென்றால், கோவிலம்பாக்கத்தில் அவர்கள் இருக்கிற வீட்டை ஓனர் இடித்து பிளாட் கட்டப் போகிறாராம், அவர்களும் ஆடிக்குள் வேறு வீடு பார்த்தாக வேண்டுமாம். "தொட்டில எறங்கிக் கழுவுற பொண்ணு இருக்கிற வூட்ல தண்ணிக்கு இன்னா கவலை" என்று அந்த அம்மாவே முடிவு சொல்லிவிட்டாள். கொண்டுவந்த தட்டை அப்படியே மாடிக்கு எடுத்துப்போய் வைத்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். பையனுக்கு வேலை பெங்களூரில், திங்கட்கிழமையே போய்விட்டான், அதனால் நீ பயப்பட ஒன்றுமில்லை.

இதற்குள் உன் ஆபீஸ் அப்பாதுரை அந்த விளம்பரத்தைப் பார்த்து, "மாடி சரி, அடுப்படியில நிக்கிற பொண்ணு யாரு சார்?" என்று உன்னிடமே கேட்டிருக்கிறான். கேட்டது அவன், திட்டு வாங்கியது ஜலால் பாய். நிற்கச் சொன்னது நான், எழுதச் சொன்னது நான், மனிதர் முதலிலேயே வேண்டாம் என்றார். அனுப்பிரியாவுக்கும் கோபம் இல்லை, படங்களை எடுப்பதற்கு முன்பே அந்த விளம்பரத்தை ஆபீஸில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தாளாம். நீயே சொல், இன்டர்நெட் ஆளைக் கொண்டுவந்து வாசலில் விட்டது. மாடி ஏற்றியது யார்? லாசரஸ் சாரே நேற்று வந்து, "நான் எடுத்த போட்டோல பாதி என் வெரலுதான் தெரியுது, பின் வூட்டுக்கு பாயக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பின் வீட்டுச் சாவியையும் பாய்க்காக என்னிடம் கொடுத்துவிட்டார். இந்த நேரத்தில் நாம் சாவியைக் கேட்டால் நன்றாகவா இருக்கும்? நீயே அவருக்கு ஒரு போன் போட்டு, இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிடு. உன் பேரைச் சொன்னாலே அவர் இப்போது டீயைக் கீழே வைத்துவிடுகிறார்.

இனிமேல் நம் வீட்டுப் பிள்ளைகள் யாரையும் எந்த விளம்பரத்திலும் நிறுத்துவதில்லை என்று பாய் முன்னாலேயே சொல்லிவிட்டேன். நீ நிம்மதியாக இரு. வெயிலில் அலையாதே, மாத்திரையை மறக்காதே. மருமகளை முதுகுவலிக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல். உங்கள் எல்லோருக்கும் அந்தத் திருத்தணி முருகன் துணை இருப்பான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கிளியம்மாள்

பின்குறிப்பு: கீழ்ப் பின்பக்கத்து போர்ஷன் சிட்டிபாபு ஆவணியில் காலி செய்கிறான். தணிகைவேலுக்கு இருபத்தேழு முடிகிறது. அவன் படம் என்னிடம் இருப்பது மீசை முளைக்காத காலத்துப் படம். கோட் போட்டு, சிரித்த முகமாக, தலையிலிருந்து கால் வரை தெரிகிற மாதிரி புதிதாக ஒன்று எடுத்து உடனே தபாலில் அனுப்பு. அவன் இங்கே வர வேண்டியதில்லை, படம் வந்தால் போதும், நம் வாசலில் நிற்கிற மாதிரி சோயா கம்ப்யூட்டரிலேயே ஒட்டிவிடுவாளாம்.