புளிக் கம்பெனியின் பொது மேலாளர்கள்

மாணவர்கள் வேலை தேடி அலையக் கூடாது, மற்றவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்த வருடம் அது. எண்பத்திரண்டு. அந்த முடிவு வேலூரில் ஜீப் ஏறி, ஆலங்காயத்தில் டீ குடித்துவிட்டு, ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்தது. கூடவே வந்து இறங்கியவர் சக்கரவர்த்தி, தொழில் ஊக்குவிப்பு அலுவலர்.

மலையில் அப்போது நாலு மாணவர்கள் கம்பெனி தொடங்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவன் ஆதிநாராயணன், ஆலங்காயத்துப் புளி வியாபாரியின் மகன், பி.காம். கடைசி வருடம். அவனுடைய பெல்பாட்டம் பேண்ட் நடந்த இடத்தில் பெருக்க வேண்டியதில்லை. மற்ற மூவரும் மலைக்காரர்கள், கீழே கல்லூரியில் படிப்பவர்கள்: ரங்கன், கோபால்சாமி, செல்லியம்மாள்.

திட்டம் நல்ல திட்டம்தான். மலையில் புளியை ஓட்டோடு விற்றால் அடிமாட்டு விலை. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் அரசு விடுதிகளே வாங்கிக்கொள்ளும். ரங்கனின் அம்மா அம்மாக்கண்ணு தன் மரங்களில் காய்த்த அத்தனை புளியையும் அவர்களை நம்பிக் கொடுத்தாள். அந்தப் புளியில்தான் ஒரு ஜோடி மாடு வாங்க வேண்டும். மாடு வந்தால்தான் இந்த வருடம் சாமை விதைப்பு.

சக்கரவர்த்தி சட்டாம்பிள்ளை போல உட்கார்ந்து கேட்டார். "வேலை செய்றவங்களுக்கு என்ன கொடுக்கப்போறீங்க?"

"சம்பளம் சார்" என்றான் ரங்கன்.

"சம்பளம் வாங்கினா நீ தொழிலாளி. இது மாணவர் திட்டம்."

"அப்போ லாபத்துல பங்கு" என்றான் ஆதிநாராயணன்.

"பங்கு வாங்கினா முதலாளி. முதலாளிக்கு அரசாங்கம் எதுக்கு உதவி செய்யணும்?"

"இன்னாவும் வாணாம் சார், சும்மாவே செய்றோம்" என்றான் கோபால்சாமி.

சக்கரவர்த்தி பதறிவிட்டார். "சும்மா வேலை வாங்கினா கொத்தடிமைத்தனம்! உங்களை நீங்களே கொத்தடிமையா வச்சிருக்கீங்கன்னு உங்க மேல நானே கேஸ் போட வேண்டியிருக்கும்."

"பின்ன இன்னாதான் சார் வாங்குறது?" என்றாள் செல்லியம்மாள்.

"பதவி" என்றார் அவர்.

அன்றே பதவிகள் வழங்கப்பட்டன. ஆதிநாராயணன் மேலாண்மை இயக்குநர். ரங்கன் பொது மேலாளர். கோபால்சாமி கூடுதல் பொது மேலாளர். செல்லியம்மாள் தரக் கட்டுப்பாட்டு இணை இயக்குநர். வாணியம்பாடியிலிருந்து ரப்பர் ஸ்டாம்பு வந்தது. பெயர்ப் பலகை வந்தது. முதல் கூட்டத்தில் யார் நாற்காலி யார் நாற்காலிக்குப் பக்கத்தில் என்று விவாதித்தார்கள். இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்தைப் பற்றி நடந்தது.

புளி மட்டும் ஓட்டோடு கிடந்தது.

"பொது மேலாளர்னா இன்னாடா வேலை?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

"மத்தவங்க செய்ற வேலைய மேல இருந்து பாக்குறதும்மா."

"ஒருத்தரும் செய்யலியேடா."

"அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

அதற்குள் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கோடை மழை ஒன்று நனைத்தால் போதும், புளி கறுத்து ஒன்றுக்கும் ஆகாது. அம்மாக்கண்ணு வானத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் ரங்கனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

செல்லியம்மாள் இணை இயக்குநர் பதவியை ராஜினாமா செய்தாள். அதை ஏற்பதா என்று மூவரும் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கையில் அவள் வூடு வூடாகப் போனாள்.

"வந்து தட்டிக் குடுங்க அத்தே. தட்டுறதுல பத்துக்கு ஒரு பங்கு உங்களுக்கு. கொட்டை பூரா நீங்களே எடுத்துக்குங்க."

பெண்கள் திமுதிமுவென்று வந்தார்கள். அம்மாக்கண்ணு முதல் ஆளாக உட்கார்ந்தாள். மழை மலையேறி வந்தபோது புளி உருண்டை உருண்டையாகப் பானைகளில் இருந்தது. விடுதிகளுக்குப் போனது. மாடும் வந்தது. அதைப் பார்த்து மற்ற வூட்டுப் புளியும் தட்டுவதற்கு வந்து குவிந்தது.

கம்பெனியின் வெற்றியைக் கேள்விப்பட்டுச் சக்கரவர்த்தி மாலையோடு வந்தார். வேலை செய்யும் பெண்களைப் பார்த்ததும் மாலையைக் கீழே வைத்துவிட்டார்.

"இவங்க மாணவர் இல்லையே! மாணவர் அல்லாதவர் செய்த புளி, மாணவர் புளி ஆகாது. அடுத்த ஆர்டர் ரத்து ஆயிடும்."

கொஞ்ச நேரம் யோசித்தவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "முதியோர் கல்வி! எல்லாரையும் சேர்த்துடுவோம். கையெழுத்துப் போடத் தெரிஞ்ச அன்னிக்கு முறைப்படி மாணவர். அதுவரைக்கும் விண்ணப்பதாரர்."

மாலை வகுப்பு தொடங்கியது. செல்லியம்மாளே சொல்லிக்கொடுத்தாள். அம்மாக்கண்ணுவுக்கு அது பிடித்துப்போயிற்று. அடுப்புக்கரியால் வூட்டுச் சுவரில் தன் பெயரை எழுதி, தள்ளி நின்று பார்த்தாள். கிட்டே போய் ஒரு புள்ளியைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்த்தாள். இவ்வளவு நீளமான பெயர் தனக்கு என்று அவளுக்கு அன்றுதான் தெரியும்.

சக்கரவர்த்தி மகிழ்ச்சியோடு வந்து அறிவித்தார். "இனிமே நீங்கள்லாம் மாணவர்கள். ஆகவே பங்கு கிடையாது."

"இன்னா சார் சொல்றீங்க?" என்றாள் அம்மாக்கண்ணு.

"மாணவருக்குப் பங்கு கொடுத்தா முதலாளி ஆயிடுவாங்க. கவலைப்படாதீங்க, எல்லாருக்கும் பதவி உண்டு. நீங்க முதுநிலைப் பொது மேலாளர்."

அம்மாக்கண்ணு மகனை ஒருமுறை பார்த்தாள். முதுநிலை என்றால் அவனுக்கு மேல் என்று புரிந்தது. ஆனாலும் கேட்டாள். "பேரு எழுதத் தெரியாதவங்களுக்கு?"

"அவங்க விண்ணப்பதாரர். பங்கு உண்டு."

"அப்போ எனக்குத் தெரியாது சார்."

வூட்டுக்குப் போய் ஈரத் துணியால் சுவரைத் துடைத்தாள். கடைசி எழுத்தைத் துடைக்கக் கை வரவில்லை. முறத்தைச் சாய்த்து மறைத்துவைத்தாள்.

மறுநாள் பங்கு கொடுக்கும் இடத்தில் சக்கரவர்த்தி மேஜை போட்டு உட்கார்ந்தார். பெண்கள் வரிசையாக வந்து கட்டைவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்து, பங்கை வாங்கிக்கொண்டு போனார்கள். வகுப்பு முழுவதும் ஒரே ராத்திரியில் எழுத்தை மறந்துவிட்டிருந்தது.

வரிசையின் கடைசியில் பொது மேலாளர், கூடுதல் பொது மேலாளர், அவர்களுக்குப் பின்னால் மேலாண்மை இயக்குநர். மூவர் கையிலும் புளி தட்டிய பிசுக்கு.

"நீ பி.காம். இல்லையா?" என்றார் சக்கரவர்த்தி.

"ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்" என்று ஆதிநாராயணன் பயபக்தியோடு கட்டைவிரலை அழுத்திவிட்டு, மையைப் பெல்பாட்டத்தில் துடைத்துக்கொண்டான்.

சக்கரவர்த்தி கடமை தவறாதவர். அன்று மாலையே முதியோர் கல்வி வகுப்பில் மூன்று சிலேட்டுகள் கூடுதலாக ஒதுக்கப்பட்டன.