கண்டும் காணாமைச் சான்றிதழ்

ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்துக்கு விதிமுறை இல்லை என்று தெரியவந்தால், பொறுப்புள்ள எந்த அலுவலகமும் சும்மா இருக்க முடியாது. எங்கள் அலுவலகம் பொறுப்புள்ளது. தோக்கியோவில் ஏழாவது மாடியில் 'பதிப்புரிமைச் சமநிலைப் பிரிவு' என்று பலகை தொங்கும். அதில் நான் துணை அலுவலர். பெயர் ஹசுமி. இருபத்தாறு வருடம் முத்திரை குத்தியதில் என் வலது தோள் இடதைவிட ஒரு விரல்கடை இறங்கிவிட்டது.

விஷயம் இதுதான். வருடத்துக்கு இரண்டு முறை கடலோரக் கண்காட்சி மண்டபத்தில் ஒரு சந்தை கூடும். படக்கதைப் பைத்தியங்கள் தங்களுக்குப் பிடித்த தொடரின் பாத்திரங்களை வைத்துத் தாங்களே கதை வரைந்து, நூறு இருநூறு பிரதி அச்சடித்து, மேசை போட்டு விற்பார்கள். சட்டப்படி இது திருட்டு. பதிப்பகத்தாருக்கும் தெரியும். அவர்களும் சந்தைக்கு வருவார்கள், ஆனால் மேசைகளுக்கு நடுவே கூரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நாளைய ஓவியர்கள் இந்த மேசைகளிலிருந்துதான் வரவேண்டும். அசல் புத்தகத்தை வரிசையில் நின்று வாங்குகிறவர்களும் இவர்கள்தான். பார்த்தால் வழக்குப் போட வேண்டும், அதனால் பார்ப்பதில்லை. முப்பது வருடமாக யாருக்கும் குறையில்லை.

அந்த மேசைகளில் ஒன்று என்னுடையது. அலுவலகத்துக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்பதால் முகமூடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்காருவேன். 'இரும்புக் குடை வீரன்' என்று பெரிய தொடர் ஒன்று. அதன் மூன்றாம் தொகுதியில், கோட்டை வாசலில் குடைகளை வாங்கி வைக்கும் குமாஸ்தா ஒருவர் வருகிறார். பெயர் யாஹெய். "வெளியாட்கள் குடையை இங்கே வைத்துவிட்டுப் போகவும்" என்கிறார். அடுத்த கட்டத்தில் வீரன் அவரை வெட்டிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். லட்சக்கணக்கான வாசகர்கள் கைதட்டினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த மனிதர் விதியைத்தானே சொன்னார்? அதனால் என் கதையில் வெட்டு தோளோடு போனது. பதினொரு வருடமாக, இருபத்திரண்டு சின்னப் புத்தகங்களில், நான் யாஹெயை உயிரோடு வைத்திருக்கிறேன். வெளியே சொல்ல வெட்கம்தான். ஆனாலும் அவரைவிட நெருக்கமானவர் எனக்கு யாரும் இல்லை.

இந்த நிலையில் புது இயக்குநராக குசகாபே வந்து சேர்ந்தார். பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டையில் துடைக்கிற பழக்கம். வந்த அன்றே பலகையில் மூன்று வட்டம் போட்டார்: உரிமைப் பாதுகாப்பு, புதுமை, பொதுநலன்.

"மூணும் ஒண்ணா சேர்ற இடம்தான் அந்தச் சந்தை. அதை எந்த விதி அனுமதிக்குது?"

"எதுவும் இல்லை சார். கண்டும் காணாம விட்டுடறாங்க."

"அது எங்க எழுதியிருக்கு?"

"எழுதலை சார்."

"நாளைக்கே ஒருத்தர் காண ஆரம்பிச்சுட்டா? எழுதுங்க ஹசுமி."

எழுதினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், ரசித்து எழுதினேன். 'கண்டும் காணாமை ஒழுங்குமுறை விதிகள்', நாற்பத்தெட்டுப் பக்கம். இதன்படி வரைகிறவர் 'பார்க்காமை வேண்டுதல் விண்ணப்பம்' ஒன்றை, படைப்பையும் இணைத்து, மூன்று பிரதிகளில் கொடுக்க வேண்டும். உரிமையாளர் "மேற்படி படைப்பை முழுமையாகப் பரிசீலித்து, அதைப் பார்க்கவில்லை என இதன்மூலம் சான்றளிக்கிறேன்" என்று முத்திரையிட வேண்டும்.

'இரும்புக் குடை வீரன்' பதிப்பகத்தின் வழக்கறிஞர் மிசோகுச்சி அம்மையார் மறுவாரமே வந்துவிட்டார்.

"சார், இதுல முத்திரை வைக்கணும்னா நான் முழுசாப் படிக்கணும்."

"பின்னே? படிக்காம எப்படிச் சான்று குடுப்பீங்க?" என்றார் குசகாபே.

"படிச்சா, பார்த்ததா ஆயிடுமே."

"அதனாலதான் பார்க்கலைன்னு உங்ககிட்ட சான்று கேக்குறோம். பார்க்காதவங்ககிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்? அவங்களுக்கு என்ன தெரியும்?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"பார்த்துட்டு வழக்குப் போடலைன்னா என் வேலை போயிடும் சார். இத்தனை வருஷம் நானும் கூரையைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருந்தேன்."

"எந்தக் கோணத்துல பார்த்தீங்க?"

அதற்கும் விதி இல்லை என்று தெரியவந்தது. திருத்தம் எழுதினேன். முழுப் பார்வை, ஓரக்கண் பார்வை, ஏறெடுத்தும் பாராமை என்று மூன்று வகை. கூரையைப் பார்க்கும் கோணம் நாற்பது பாகை. பயிற்சிக்கு அனுப்பிய முதல் ஆய்வாளர் தூணில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டார். அவருக்கு மருத்துவ விடுப்பும் பாராட்டுக் கடிதமும் வழங்கப்பட்டன.

அந்த வாரம் அச்சகத்தில் தோகிதா அம்மாளைப் பார்த்தேன். நகரப் பேருந்து ஓட்டுகிறவர், சந்தையில் எனக்குப் பக்கத்து மேசை. என் வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது. "குடைக்காரரே" என்றுதான் கூப்பிடுவார்.

"குடைக்காரரே, இதைப் படிச்சீங்களா? 'பார்க்கப்படக் கூடாத பக்கங்களைத் தெளிவாகத் தெரியும்படி ஒட்டவும்'னு போட்டிருக்கு. எந்தப் படிச்ச முட்டாள் எழுதினானோ."

நான் சோற்று உருண்டையை மென்றுகொண்டே, "யாரோ வேலையத்தவன்" என்றேன்.

"வேலை இருக்கிறவன்தான். இல்லாதவனுக்கு இவ்வளவு தோணாது."

பதினோராயிரம் விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒன்று புனைபெயரில் நானே போட்டது. அது என் மேசைக்கே வந்தது. விடுபட்டிருந்த ஓர் இணைப்பைக் கேட்டு எனக்கே நினைவூட்டல் அனுப்பி, பெற்று, மேலே அனுப்பினேன். பதிப்பகங்கள் அத்தனையையும் படித்தன. படித்ததால் பார்த்ததாகிவிட்டது. பார்த்ததால் அத்தனையையும் மறுத்தன. யாஹெயின் கோப்பும் திரும்பி வந்தது. 'நிராகரிக்கப்பட்டது' என்று பதிவு செய்ய வேண்டியவன் நான்தான். முதல் முறை அவரை வீரன் வெட்டினான். இந்த முறை நான், மூன்று பிரதிகளில். முத்திரையைக் குத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

குளிர்காலச் சந்தையில் மேசைகள் காலியாகக் கிடந்தன. நடுவில் எங்கள் ஆய்வாளர்கள் மட்டும் நாற்பது பாகையில் நடந்தார்கள். 'விதிமீறல்: இல்லை' என்று ஆண்டறிக்கை வெளியானது.

அறிக்கை வந்த அன்று குசகாபே என்னைத் தனியே கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"அந்தக் குடை குமாஸ்தா கோப்பு... நிராகரிச்சாச்சா?"

"ஆச்சு சார்."

"சரி." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவர் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா?"

யாஹெய் மூட்டை கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பியது போன கோடைப் புத்தகத்தின் கடைசிப் பக்கம். மொத்தம் நூற்றிருபது பேருக்குத்தான் அது தெரியும். அவர்களில் கம்பளித் தொப்பியும் முகமூடியுமாக வருடம் தவறாமல் வந்து, கோடையிலும் அந்தத் தொப்பியைக் கழற்றாமல், இரண்டு பிரதி வாங்குகிற, வாய் திறக்காத ஆசாமி ஒருவர் உண்டு.

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், உண்மைதான்." குரல் இறங்கிவிட்டது. "என்னைக்காவது யாராவது அதை வரையற ஆளு மேல வழக்குப் போட்டுடுவாங்களோன்னு பயம். பாதுகாப்பா ஒரு விதி இருக்கட்டும்னுதான் நினைச்சேன் ஹசுமி."

விதியை ரத்து செய்ய முடியாது. அதற்கு, தவறாகப் போட்டோம் என்று எழுத வேண்டும். அப்படி எழுதுவதற்கு எங்களிடம் படிவம் இல்லை. ஆகவே விதி அமலில் இருக்கும், நாங்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று ஒரு சுற்றறிக்கை விடலாமா என்று யோசித்தோம். அந்தச் சுற்றறிக்கை கடைசிவரை எழுதப்படவில்லை. அதனால்தான் வேலை செய்தது.

அடுத்த கோடையில் யாரும் விண்ணப்பம் கேட்கவில்லை, மேசைகள் நிரம்பின. தோகிதா அம்மாள் விசிறிக்கொண்டே, "அந்த முட்டாளை மாத்திட்டாங்க போல" என்றார். நான் ஆமோதித்தேன். கம்பளித் தொப்பி வந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றது. அக்காவைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிய யாஹெய்க்கு அங்கே ஒரு புது மேலதிகாரி வந்திருந்தார். குடைகளை எல்லாம் பார்த்து, பார்க்கவில்லை என்று எழுதச் சொல்கிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். சாயல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. அனுமதி வாங்கவில்லை.

"இவரை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே," என்றது தொப்பி.

"யாரை சார்?" என்றேன். வாய் தவறி வந்த 'சார்'.

நாங்கள் இருவரும் அசையவில்லை. பிறகு அவர் மெல்ல முகத்தைத் தூக்கினார், சரியாக நாற்பது பாகை.

"யாரையும் பார்க்கலை. ரெண்டு குடுங்க."

அவருக்குப் பின்னால் வரிசையில் மிசோகுச்சி அம்மையார் ஐந்நூறு யென் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்கெனவே அண்ணாந்திருந்தார். மரியாதைக்கு நானும் அண்ணாந்தேன். கூரை முழுக்க ஒட்டடை. முப்பது வருடமாக அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிற கூரை. அடிக்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.