ஒற்றைக் குச்சிக் கொத்தனாரும் எங்கள் வீட்டு அடுப்பும்

தான் கட்டிய அடுப்பைத் தானே இடித்துப்போடுகிற கொத்தனார் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் கோவில்பட்டியில் வந்து இருந்தார்.

பெயர் யாருக்கும் தெரியாது. ‘ஒத்தக்குச்சி’ என்றால் தெரியும். அடுப்பு கட்டி முடித்ததும் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுப்பார். உள்ளே ஒரே ஒரு குச்சி இருக்கும். அந்த ஒன்றிலேயே விறகு பற்ற வேண்டும், புகை முழுக்கப் புகைக்கூண்டில் ஏற வேண்டும். இல்லையென்றால் கடப்பாரைதான். ஒரு வக்கீல் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பால் பானை காத்திருக்க, ஐயர் காத்திருக்க, அடுப்பை உடைத்தவர். “தீப்பெட்டி ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு குச்சிதானா?” என்று கேட்டால், “ரெண்டாவது குச்சி இருக்குன்னா வேலையில கை சோம்பும் அண்ணாச்சி” என்பார்.

இப்பேர்ப்பட்டவரை நானே தேடிப்போய்க் கூட்டிவந்தேன். என் மனைவி ரஞ்சிதத்துக்கு மூச்சிளைப்பு. எங்கள் அப்பா காலத்துச் சுவரடுப்போ, புகையைத் தவிர வேறெதையும் ஒழுங்காகத் தந்ததில்லை. இன்னொரு மழைக்காலம் இந்தப் புகையில் உட்கார்ந்தால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது ஐப்பசி பிறந்திருந்தது.

“கரிசமண்ணு ஆகாது, சூட்டுல பாளம் பாளமா வெடிச்சிரும்” என்று செம்மண் மூட்டையோடு வந்தார். பழைய அடுப்பை அரை நாளில் பெயர்த்தெறிந்தார். பிறகு ரஞ்சிதத்தை வெறும் சுவருக்கு எதிரே உட்காரவைத்தார்.

“சமையுங்கம்மா.”

“அடுப்பு இல்லாமயா?”

“கை எங்கன போகுதுன்னு பாக்கணும்லா?”

அவளும் காற்றைக் கிண்டினாள், காற்றை வடித்தாள், நடுவில் உப்பு வேறு பார்த்தாள். அவர் கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுக்கொண்டார்.

நாலாம் நாள் குச்சியைக் கிழித்தார். விறகு பற்றியது. கூண்டை நோக்கிப் போன புகை, எதையோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி வந்தது. ரஞ்சிதம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு இழுத்தாள். மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது, வெளியே வருகிற சத்தத்தைக் காணோம். நான் விசிறியோடு ஓடினேன். கொத்தனார் அடுப்பைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடப்பாரையை எடுத்தார்.

“ஓய், இடிக்காதேயும்! கடம்பூர்ப் பக்கம் மழை கறுக்குது, மண்ணு காயாது. அவ முத்தத்துல மூணு கல்லை வச்சு ஈர விறகை ஊதணுமா?”

அடுப்பு விழுந்தது.

“உக்காருங்க அண்ணாச்சி, நீங்க கிண்டுங்க. அவியளால இப்ப ஏலாது.”

வந்த ஆத்திரத்தில் காற்றைப் போட்டுக் கிண்டு கிண்டென்று கிண்டினேன். அவர் பாட்டுக்குக் கோடு போட்டார்.

அடுத்த நாலு நாளும் அவள் முற்றத்தில் இருமிக்கொண்டே சமைத்தாள். ஒவ்வொரு இருமலுக்கும் அந்த மனுஷரை மனசுக்குள் திட்டினேன். தூறல் விழத் தொடங்கிய அன்று மறுபடி தீப்பெட்டி வெளியே வந்தது. ஈரக்காற்றில் சுடர் சாய்ந்தது, அணையப் பார்த்தது. ரஞ்சிதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள். சுடர் மெல்ல நிமிர்ந்து விறகைத் தொட்டது. புகை அடுப்புக்குள் ஒரு சுற்றுச் சுற்றி நேரே மேலே ஏறிவிட்டது.

ரஞ்சிதம் ஆசையாக உட்கார்ந்து உலைப்பானையை ஏற்றப் போனாள். கை எட்டவில்லை. என் நெட்டைக் கைக்குக் கட்டிய அடுப்பு!

“ஓய் கொத்தனாரே, அளவு தப்பிப்போச்சே!”

“தப்பல அண்ணாச்சி. எவன் கட்டினாலும் விறகடுப்பு பத்தவைக்கையில கொஞ்சம் புகையத்தான் செய்யும். அந்தக் கொஞ்சமும் அவியளுக்கு ஆகாது. அன்னைக்குப் பாத்தேம்லா? அதான் உங்க அளவுக்குக் கட்டிட்டேன்.”

“நான் தீப்பெட்டி ஆபீசுல கிளார்க்குவே!”

“பொங்கி வச்சிட்டு ஆபீசுக்குப் போங்க.”

காலி மூட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று நான் பொங்கியது அடியில் கரி, மேலே அரிசி. அதைப் பார்த்து ரஞ்சிதம் சிரித்தாள். பாதியில் இருமல் வந்துவிடும் என்று செம்புத் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன். வரவில்லை. முழுச் சிரிப்பையும் சிரித்து முடித்தாள்.

இன்றைக்கும் அந்த அடுப்பைப் பற்றவைக்க எனக்கு நாலு குச்சி ஆகிறது. தெருவில் கேலிக்கும் குறைவில்லை. ஆனாலும் புகை மேலே ஏறி, அடுத்த அறையில் ரஞ்சிதத்தின் மூச்சு சீராகக் கேட்கும்போதெல்லாம், “நல்லா இரும்வே” என்று அந்த மனுஷரை வாய்விட்டே வாழ்த்திக்கொள்கிறேன்.