பாங் அம்மாள் வீட்டுக் காற்று

செங்து,
ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய ருய்ஃபென் அக்காவுக்கு,

தம்பி வெய்மின் பணிந்து எழுதுவது. லேஷானில் இந்த வெயிலுக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதோ என்று கவலையாக இருக்கிறது. அத்தானுக்கும் என் வணக்கம். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எந்த அளவைத் தாண்டினால் நலமில்லை என்று இன்று முழுக்க அளந்துகொண்டிருந்ததால், அப்படி உறுதியாக எழுதக் கை வரவில்லை.

ஷூயுனுக்கு இது ஏழாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் என் வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவளும் மாப்பிள்ளை லுவோ காயும் துடிக்கிறார்கள். நல்ல பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு வீடு அமைந்தது. பாங் என்ற அம்மாளுடையது. ஆறு மாதத்துக்கு முன்புதான் உள்ளே மர வேலை எல்லாம் புதிதாகச் செய்திருக்கிறார். புதுப் பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும். பச்சைக் குழந்தைக்கு அது ஆகாது. "முப்பத்தஞ்சு வருஷம் வேதியியல் நடத்தினீங்களே, நீங்களே அளந்து சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா வாங்குறோம்" என்று ஷூயுன் முழுப் பொறுப்பையும் என் தலையில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, அக்கா.

ஒரு நாள் வாடகைக்கு அளவுக்கருவி வரவழைத்தேன். பன்னிரண்டு மணி நேரம் வீட்டை அடைத்து வைத்த பிறகுதான் அளக்க வேண்டும் என்பது முறை. நடுவில் யாரும் ஜன்னலைத் திறந்துவிடக் கூடாதே என்று நேற்று மாலை ஒவ்வொரு ஜன்னலிலும், வாசற்கதவிலும் காகிதப் பட்டை ஒட்டி, தேதியிட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். இன்று காலை ஷூயுனையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் மாடிப்படியில் கூட்டம். "வாத்தியாரே, கோர்ட்டு ஜப்தி பண்ணின மாதிரி சீல் வெச்சிட்டுப் போயிருக்கீங்களே! நான் கடன்ல ஓடிட்டேன்னு நாலாவது மாடி வரைக்கும் பேச்சு!" என்று பாங் அம்மாள் பிடித்துக்கொண்டார். நான் அவசரமாகப் பட்டைகளைக் கிழித்தேன். இப்படி ஏதாவது நடக்கும் என்று பயந்து, புறப்படும்போதே தைரியத்துக்காக ஒரு மடக்கு சோளச் சாராயம் குடித்திருந்தேன். அதுவும் போதவில்லை.

கூடத்தில் கருவியை வைத்தேன். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டைத் தாண்டினால் ஆபத்து. கண்ணாடி போட்டும் எண் சரியாகத் தெரியாததால் நன்றாகக் குனிந்து பார்த்தேன். பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று! சமையலறையில் அதைவிட அதிகம். ஷூயுன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் குறித்துக்கொண்டிருந்தேன். பாங் அம்மாள் என் அருகில் வந்து மூக்கைச் சுருக்கினார். கருவியைப் பிடுங்கி என் வாய்க்கு நேரே நீட்டி, "ஊதுங்க" என்றார். ஊதினேன். எண் ஒன்றைத் தாண்டியது. "என் வீடு நல்லாத்தான்யா இருக்கு. உங்க மாமனாரைத்தான் ஜன்னல் திறந்து வைக்கணும்!" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். இந்த மலிவான கருவி சாராய ஆவிக்கும் எண் காட்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, கைநீளத் தூரத்தில் நின்று, மாலை நாலரை வரை மறுபடி ஒவ்வொரு அறையாக அளந்தேன். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து, பூஜ்யம் ஆறு, பூஜ்யம் ஐந்து. ஷூயுன் முகத்தில் சிரிப்பு வந்தது. கடைசியாகக் குழந்தைக்கென்று நினைத்திருந்த சின்ன அறை. அங்கே சுவரோடு பதித்த அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை பம்ப்ளிமாஸ் தோல். எண் பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்பதுக்கு ஏறியது.

"அது தோல் வாசனைங்க. புது மர வாடை போக எல்லாரும் வைக்கிறதுதானே" என்றார் பாங் அம்மாள்.

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அந்தத் தோலின் எண்ணெய்க்கும் கருவி ஏமாறும். பலகையாகவும் இருக்கலாம். தோலை அகற்றிவிட்டு நாளை இன்னொரு முறை அளக்கட்டுமா என்று கேட்டேன். "அஞ்சு மணிக்கு வேற ஆளுங்க கையெழுத்துப் போட வர்றாங்க. அவங்க காத்தை எல்லாம் அளக்கல" என்றார். மணி நாலேமுக்கால்.

"அப்பா, ஆமாவா இல்லையா? ஒரே ஒரு வார்த்தை" என்றாள் ஷூயுன்.

உங்களுக்குத் தெரியும் அக்கா, சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டால்கூட நான் உடனே பதில் சொன்னதில்லை. ஆனால் அந்த அலமாரிக்கு அருகே ஒரு தொட்டிலை நினைத்துப் பார்த்தேன். "வேண்டாம்" என்றேன். உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாங் அம்மாளே ஓரடி பின்வாங்கினார்.

வழியெல்லாம் ஷூயுன் அழுதுகொண்டே வந்தாள். ஆயினும் நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன். பழகிய சொந்த வீட்டுக் காற்றில் பிள்ளை பிறக்கட்டும். நீங்கள் தொலைபேசியில் அவளை அழைத்து, அப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள்.

நீங்களும் அத்தானும் நோயின்றி நூறாண்டு இருக்க வேண்டும்.

பணிவுடன்,
தம்பி வெய்மின்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஷூயுன் கோபத்தில் அந்தக் கருவியைத் தன் அறையில் கொண்டுபோய் வைத்தாள். பூஜ்யம் புள்ளி இரண்டு ஏழு. நான் வாசலுக்கு வெளியே நின்றேன், வாயில் துண்டுடன். எங்கள் வீட்டில் பம்ப்ளிமாஸும் கிடையாது. காரணம், குழந்தைத் துணிகளுக்காக மே மாதம் நானே கடைக்குப் போய் நின்று, பலகையைத் தட்டிப் பார்த்துச் செய்து கொடுத்த அலமாரி. ஏசி போடுவதால் அந்த அறை ஜன்னலை ஜூன் மாதத்திலிருந்து திறக்கவில்லை. வீட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று பாங் அம்மாளிடம் தொலைபேசியில் சொன்னேன். ஐந்து மணிக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். ஷூயுனிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி ரயிலில் நாங்கள் மூவரும் அங்கே வருகிறோம். பிரசவம் வரை தங்க வேண்டியிருக்கும். நீங்கள் சமீபத்தில் மரச்சாமான் எதுவும் புதிதாக வாங்கவில்லையே, அக்கா?