கணவாய் மேல் கெட்டிமேளம்

எல்லாக் குடும்பத்திலும் வழி தெரிந்தவர் என்று ஒருவர் இருப்பார். யாரும் கேட்காமலே குறுக்குப் பாதை சொல்வதும், மற்றவர்கள் அந்தப் பாதையில் போகாவிட்டால் மனம் நொந்துகொள்வதும் அவருடைய தொழில். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியை நான் வகித்தேன். என் அக்கா மகள் துஷியின் கல்யாணத்தன்று காலை வரை வகித்தேன்.

இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் எனக்கு வேலை. உலகமே மலை பார்க்க வரும் ஊரில் குடியிருப்பதால் மலைகளெல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. (உண்மையில் சமையலறை ஜன்னலால் பார்த்தால் ஒரு மலையின் பாதி தெரியும். மற்றப் பாதியைப் பக்கத்து ஹோட்டல் மறைக்கும்.) இந்த ஊரில் பேசும் டொச் மொழியும் அப்படித்தான். வெங்காயம், உருளைக்கிழங்கு, கத்தி, கெதியாய்ச் செய் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதற்கு வெளியே வருகிற சொற்களை நான் ஊகித்துக்கொள்வேன். ஊகிப்பதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

கல்யாணம் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராம மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேளக் குழு மலைக்கு அந்தப் பக்கம் பெலின்சோனாவிலிருந்து வர வேண்டும். நாதஸ்வரம் கணேசு அண்ணை, தவில் சுதன். கணேசு அண்ணைக்குக் கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. சனி ஞாயிறு வந்தால் வித்துவான். முதல்நாள் இரவு அவர்களுக்கு அங்கே கோயில் திருவிழா இருந்ததால் முன்கூட்டியே வர முடியவில்லை.

"அவையள் விடிய வெள்ளன ரயிலிலை வரட்டும்" என்றார் அக்கா. "ஸ்டேஷனிலை ஆரும் போய்க் கூட்டிக்கொண்டு வரலாம்."

"தவிலைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறி மாறி வாறதோ? என்னக்கா கதைக்கிறியள். நான் வான் வண்டியைக் கொண்டுபோய் ஏத்திக்கொண்டு வாறன். கணவாயாலை வந்தால் ஒரு எட்டு."

அத்தான் அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். "பாதை திறந்திருக்கோ எண்டு ஒருக்கால் பார், ரவி."

"அத்தான், இது கோடைகாலம். கணவாயைப் பனிக்குத்தான் பூட்டுவினம்."

இந்த வசனத்தை அத்தான் இன்றைக்கும் என் குரலிலேயே பேசிக் காட்டுவார். குரலைவிட அந்தக் கழுத்துச் சாய்ப்புத்தான் அச்சொட்டாக இருக்கும் என்கிறார்கள்.

எந்தக் கணவாய் என்று சொல்லவில்லை. அங்கே என்னை அடையாளம் காணக்கூடியவர்கள் இன்னும் இருக்கலாம்.

சனிக்கிழமை அந்தக் கணவாய் வழியாகத்தான் பெலின்சோனாவுக்குப் போனேன். பாதை கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தப் பக்க அடிவாரத்தில் பெரிய மஞ்சள் பலகை ஒன்று வைத்திருந்தார்கள். மேலே சைக்கிள் படம், கீழே மறுநாள் திகதி, அதற்குக் கீழே நிறைய எழுத்து. சைக்கிள்காரருக்கு ஏதோ சொல்கிறார்கள், அடுத்தவர் விஷயத்தில் நான் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று வாசிக்காமல் போய்விட்டேன். பண்பு என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை நேரத்தோடேயே புறப்பட்டோம். கணேசு அண்ணை பட்டு வேட்டி, திருநீறு, தங்கச் சங்கிலியோடு முன் சீட்டில். சுதன் தவிலைக் கட்டிப்பிடித்தபடி பின்னால். நானும் வேட்டிதான். பெண்ணின் ஒரே மாமன் அல்லவா, போய் இறங்கியதும் சபையில் நிற்க வேண்டும்.

நேரம் தாராளமாக இருந்தது. அதை நான்தான் செலவழித்தேன். அருவி வரும் இடத்தில் நிறுத்தினேன். ஏரி தெரியும் இடத்தில் நிறுத்தினேன். ஒவ்வொரு சிகரத்துக்கும் பெயர் சொன்னேன். பெயர் தெரியாதவற்றுக்கும் சொன்னேன்.

"தம்பி, இதே பேரைத்தானே கொஞ்சம் முன்னம் மற்ற மலைக்கும் சொன்னீர்" என்றார் கணேசு அண்ணை.

"அது சின்னது அண்ணை, இது பெரியது" என்றேன்.

இப்படியே கணவாயின் அடிவாரத்துக்கு வந்தபோது பாதைக்குக் குறுக்கே ஒரு தடுப்பு. பக்கத்தில் செம்மஞ்சள் மேலங்கி போட்ட இளம்பெண் ஒருத்தி. தடுப்பில் தொங்கிய பலகையில் பாதை பூட்டு என்று இருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் வங்கி அட்டை இயந்திரத்துக்குள் போய்த் திரும்பி வராத ஒருநாள் படித்துக்கொண்டேன். ஆனால் அதன் கீழே சின்னதாக இன்னொரு வரி: 'சூபிரிங்கர்' அனுமதி. ஊகித்தேன். கொண்டுவந்து சேர்ப்பவர். நான் யார்? மேளத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். என்னைத்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பெண் குனிந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

"ஹோக்சைட்" என்றேன். கல்யாணம் என்று அர்த்தம். அதற்கு மேல் விளக்கம் சொல்ல என்னிடம் வசனம் இல்லை.

அவள் வானுக்குள் எட்டிப் பார்த்தாள். பட்டு வேட்டியைப் பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தாள். தவிலைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக வாழ்த்துச் சொல்லித் தடுப்பை நகர்த்திவிட்டாள்.

"கண்டியளோ அண்ணை, முறையாய்க் கதைச்சால் விடுவினம்" என்றேன்.

மேலே ஏற ஏற ஒரு வாகனமும் இல்லை. "பாதை முழுக்க எங்களுக்குத்தான்" என்று இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினேன். கணேசு அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

பாதி வழியில் ஒரு மலைவிடுதி இருக்கிறது. அதற்குச் சற்று அப்பால் இரண்டாவது தடுப்பு. அதன் பக்கத்தில் மடக்குக் கதிரையில் பெரிய மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடியை இறக்கி, பழைய மந்திரத்தையே சொன்னேன். "ஹோக்சைட்."

அவர் விடுதியைக் காட்டினார். அங்கேதானே என்றார். இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் என்று நான் கையைக் காட்டினேன். அவர் எழுந்து நின்றார்.

அவர் நிதானமாகச் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவு. இன்றைக்கு இந்தக் கணவாய் சைக்கிள்களுக்கு மட்டும். மோட்டார் வண்டி எதுவும் போகக் கூடாது. விடுதிக்கு வருகிறவர்களை மட்டும் விடுதி வரைக்கும் விட்டிருக்கிறார்கள். பின்னேரம் திறப்பார்கள். கல்யாணம் விடுதியில் என்று நினைத்துத்தான் அந்தப் பிள்ளை எங்களை விட்டிருக்கிறாள்.

சரி, திரும்பிப் போகிறேன் என்றேன். அவர் என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். இப்போது நாங்கள் வந்த பாதை முழுக்கச் சைக்கிள். வளைவுக்கு வளைவு, எறும்பு ஊர்வது போல, கிழவர், கிழவியர், முதுகில் பிள்ளையைக் கட்டிய தகப்பன்மார், எல்லோரும் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் மேலேயா வானை இறக்கப் போகிறாய் என்பது போல மீசைக்காரர் என்னைப் பார்த்தார்.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஆம்புலன்ஸ் மட்டும் போகலாம் என்றார்.

யாரை நோயாளியாக்கலாம் என்று நான் சுதன் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அண்ணை" என்றான் சுதன், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அந்த நேரம் அக்காவின் அழைப்பு வந்தது.

"எங்கை நிக்கிறாய்? மாப்பிள்ளை பகுதி வந்திட்டினம். மேளம் இல்லாமல் வரவேற்க வேண்டியதாய்ப் போச்சு."

"வந்துகொண்டிருக்கிறம் அக்கா."

சைக்கிள்காரரை உற்சாகப்படுத்த விடுதி வாசலில் ஒரு கூட்டம் மாட்டு மணிகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அதென்ன மணிச் சத்தம்? கோயிலிலையோ நிக்கிறாய்?"

"மாடு அக்கா. மாடு குறுக்கை போகுது."

"இவ்வளவு மாடோ?"

"பெரிய பட்டி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெட்கம் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்யவைக்கும் என்பதற்கு அடுத்து நடந்தது உதாரணம். விடுதியில் மின்சாரச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள் என்று கண்டேன். உச்சிவரை ஏறிவிட்டால் பிறகு இறக்கம்தானே, அந்தப் பக்கம் இறங்கி டாக்ஸி பிடிக்கலாம் என்று திட்டம் போட்டேன். சுதன் ஒன்றில், தவிலோடு நான் ஒன்றில், கணேசு அண்ணை ஒன்றில்.

"நான் ஏறமாட்டன்" என்றார் கணேசு அண்ணை. கோபமாகக்கூட இல்லை. தேத்தண்ணீர் வேண்டாம் என்பது போலச் சொன்னார்.

அப்படியானால் நானாவது வழி காட்டுகிறேன் என்று தவிலை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தேன். மின்சாரச் சைக்கிள் நாங்கள் மிதிப்பதற்கு முன்பே போகும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. வேட்டி நுனி சங்கிலியில் சுற்றியது. சைக்கிள் என்னை இழுத்துக்கொண்டு நேரே தடுப்பில் போய் மோதியது. தவில் மேலே, நான் கீழே, வேட்டியில் பாதி சங்கிலிக்குள். மணி ஆட்டிக்கொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் நிறுத்தியது. பிறகு, நான் எழும்பியதும், இன்னும் பலமாக ஆட்டியது. (இந்த நாட்டு மக்கள் நல்லவர்கள். விழுந்தவனுக்கும் கைதட்டுவார்கள்.)

சுதன் ஓடிவந்தான். என்னைத் தாண்டிப்போய்த் தவிலைத் தடவிப் பார்த்தான். "ஒண்டும் இல்லை" என்றான். தவிலைப் பற்றிச் சொன்னான்.

மீசைக்காரர் கத்தரிக்கோல் கொண்டுவந்து வேட்டியை வெட்டி என்னை விடுவித்தார். அப்போதுதான், முழங்காலுக்கு மேல் நின்ற வேட்டியோடு தடுப்பில் சாய்ந்திருந்தபோதுதான், செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. துஷியைக் கையைப் பிடித்துப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப் போனவன் நான். அவள் கல்யாணத்தில் மேளமும் இல்லை, மாமனும் இல்லை.

கைப்பேசியை எடுத்து அவளையே அழைத்து உள்ளதைச் சொன்னேன். மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"மாமா, அப்ப நீங்கள் இப்ப மலையிலையோ?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது குரலில் தெரிந்தது.

"ஓம் பிள்ளை."

"கணேசு மாமாவும் நாதஸ்வரமும் பக்கத்திலை நிக்குதோ?"

"ஓம்."

"பிறகென்ன. அங்கையே வாசிக்கட்டும். இஞ்சை ஸ்பீக்கரிலை போடுவம்."

பின்னால் யாரோ ரெக்கோட் போடலாமே என்று சொல்வது கேட்டது. அதற்கு ஐயரின் குரல்: "ரெக்கோட் போடலாம். ஆனால் நான் நிப்பாட்டச் சொன்னால் அது கேளாது. மலையிலை நிக்கிறவர் கேட்பார்."

விடுதிக்கார அம்மா ஒரு மேசையை வெளியே எடுத்துப் போட்டார். மீசைக்காரர் தன் மடக்குக் கதிரையைக் கணேசு அண்ணைக்குக் கொடுத்தார். நான் கைப்பேசியை ஏந்தியபடி நின்றேன். கணேசு அண்ணை நாதஸ்வரத்தின் சீவாளியை நாக்கில் நனைத்து, மலையை ஒருமுறை பார்த்து, வாசிக்கத் தொடங்கினார்.

இத்தனை வருடத்தில் அவர் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. மண்டபங்களில் கூரை இடிக்கும். அங்கே ஒன்றும் இல்லை. சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது, இன்னொருவர் அங்கே உட்கார்ந்து பதில் வாசிப்பது போல. ஏறிவந்த சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். மீசைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு கைப்பேசியில் ஐயரின் குரல் கரகரத்தது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்."

சுதன் தவிலில் இறங்கினான். அவ்வளவு நேரம் அமைதியாக நின்ற கூட்டம், இது தங்களுக்கான சைகை என்று எடுத்துக்கொண்டது. அத்தனை மாட்டு மணியும் ஒன்றாக அதிர்ந்தன. மலை ஏறுகிறவர்களுக்கு இங்கே சொல்வது போல எல்லோரும் ஒரே குரலில் "ஹொப், ஹொப், ஹொப்" என்று கத்தினார்கள். நான் கைப்பேசியைப் பொத்துவதா நீட்டுவதா என்று தெரியாமல் நீட்டிக்கொண்டே நின்றேன்.

மண்டபத்தில் நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். மாப்பிள்ளை பிரதீப் பாசலில் மருந்துக் கம்பனியில் வேலை செய்கிற அமைதியான பொடியன். முதல் முடிச்சுக்கே தடுமாறிக்கொண்டிருந்திருக்கிறான். திடீரென்று நாலு பக்க ஸ்பீக்கரிலிருந்தும் நூறு பேர் "ஹொப், ஹொப்" என்று அவனை அதட்டியிருக்கிறார்கள். பயத்தில் மூன்று முடிச்சையும் போட்டு, அதே வேகத்தில் நாலாவதையும் போடப் போனானாம். ஐயர் கையைப் பிடித்து நிறுத்தினாராம்.

பின்னேரம் பாதை திறந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடியும் நேரம். முழங்கால் தெரியும் வேட்டி, கையெல்லாம் சங்கிலி எண்ணெய். சபை எழுந்து கைதட்டியது, கணேசு அண்ணைக்கு. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாடு எப்படி இருக்குது?" என்றார். பிறகு இலை போட்டுவிட்டார்.

மன்னித்துவிட்டார்கள். ஆனால் கல்யாண வீடியோ இருக்கிறதே, அது மன்னிக்காது. தாலி கட்டும் இடத்தில் ஒலியை மாற்றிவிடலாம் என்று வீடியோக்காரர் சொல்லியும் துஷி விடவில்லை. அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். கல்யாணம் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளை அறிந்தது அந்த வீடியோவில்தான். பாசலில் உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில் ஐயர் கெட்டிமேளம் என்று கையை உயர்த்தியதும், எங்கள் பிள்ளை கதிரை மேல் ஏறி நின்று "ஹொப், ஹொப், ஹொப்" என்று கத்தியது. சபை திகைத்தது. அத்தான், அதிகம் பேசாத அத்தான், எழுந்து நின்று கூடவே கத்தினார். பிறகு எங்கள் பகுதி முழுக்கக் கத்தியது.

இப்போது அது சடங்காகிவிட்டது. போன மாதம் ரெனானில் ஒரு கல்யாணம். எங்களை முன்பின் அறியாத ஐயர். தாலியைக் கையில் எடுத்தவர், மாப்பிள்ளையிடம் கொடுக்காமல் எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு பெண்ணின் தகப்பன் பக்கம் குனிந்து, மைக் திறந்திருப்பதை மறந்து, சொன்னார்:

"இவையள் ஏதோ கத்துவினமாம். முதல் அதைக் கத்தி முடிக்கட்டும். பிறகு தாலியைக் குடுக்கிறன்."