காதுகுத்துக்கு மடி தராத காரணம்

அன்புத் தங்கை ஹேமாவதிக்கு,

பட்டாபிராமிலிருந்து அண்ணன் ரவிச்சந்திரன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அண்ணி சுலோசனாவும் மகள் வர்ஷாவும் நலம். செந்நீர்குப்பத்தில் நீயும் மாப்பிள்ளை ஜஸ்டினும் குழந்தை நிஷாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீ நலமாகவும் கோபமாகவும் இருப்பாய் என்று தெரியும். போனை எடுப்பதில்லை. வாட்ஸாப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான், பத்தாவது தமிழ்ப் பரீட்சையில் 'உறவினருக்குக் கடிதம் எழுதுக' என்ற கேள்விக்கு எழுதியதற்குப் பிறகு, முப்பத்தெட்டு வருஷம் கழித்து என் இரண்டாவது கடிதத்தை எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கு ஐந்துக்கு இரண்டு மார்க் வந்தது. இதற்கு நீ பார்த்துப் போடு.

கவர் வாங்கப் போன இடத்திலேயே மானம் போய்விட்டது. தபாலாபீஸில் என்னையும் சேர்த்து ஆறு பேர். யாரும் பேசவில்லை, ஃபேன்கூட ஓடவில்லை. என் முறை வந்து, "ஒரு கவர் குடுங்க மேடம்" என்று நான் வாயைத் திறந்த அதே நேரத்தில் என் வயிற்றிலிருந்து ஒரு சத்தம். சின்னச் சத்தம் என்று நினைக்காதே. பழைய ஸ்கூட்டரை உதைத்தால் கிளம்பாமல் இருமுமே, அந்த மாதிரி. கவுண்டரில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்றவர் ஓரடி தள்ளிப் போனார். நான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அதை ஒரு முறை முறைத்துவிட்டு, "ரிங்டோன் மேடம்" என்றேன். "மாத்திடுங்க சார், கேக்க நல்லால்ல" என்றாள். மாற்ற முடியாது ஹேமா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஆடி மாதம் எனக்கு நடந்தது ஹெர்னியா ஆபரேஷன் இல்லை. உன்னிடம் அப்படிச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வராதே, கைக்குழந்தைக்காரிக்கு அங்கே ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்றேன். மூன்று வயசுப் பிள்ளை எப்படிக் கைக்குழந்தை ஆகும் என்று நீ கேட்டிருக்கலாம். என் நல்ல காலம், கேட்கவில்லை. நடந்தது இதுதான். அதற்கு எட்டு மாதம் முன்னாலிருந்தே வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. யாரிடம் சொல்வது? மெடிக்கல் ஷாப் செங்கல்வராயனிடம், அதுவும் கடையில் கூட்டம் போகும்வரை நின்று, இருமல் மருந்து கேட்கிற குரலில் சொன்னேன். "சூடுண்ணாத்தே. மூலம்தான், வேற இன்னா? கோழிய உட்டுடு" என்று ஒரு டியூப் களிம்பு கொடுத்தான். கோழியை விட்டேன். துத்திக்கீரை தின்றேன், கருணைக்கிழங்கு தின்றேன், அண்ணி கேட்டபோது கிழங்கு ஆசை என்று சொன்னேன். மூலமாக இருந்திருந்தால் அது பயந்து ஓடியிருக்கும். உள்ளே இருந்தது வேறு. இதில் கேவலம் என்னவென்றால், அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷமாக நான் செய்கிற வேலை ரப்பர் குழாய்க்குள் பிரஷர் ஏற்றி எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது. ஊசிமுனை அளவு கசிந்தாலும் சிவப்பு டேக் போட்டு ஒதுக்கிவிடுவேன். என் குழாய் எட்டு மாதம் ஒழுகியது, இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் துவைக்கப் போட்ட லுங்கியைப் பார்த்து உன் அண்ணிதான் கண்டுபிடித்தாள். "இன்னாங்க இது?" என்றாள். "பீட்ரூட்டு" என்றேன். "பீட்ரூட்டு வாங்கி ஆறு மாசம் ஆவுது, கெளம்புங்க" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். குடித்த பிறகு அன்று முழுக்க நான் எங்கே குடியிருந்தேன் என்று எழுத மாட்டேன், வர்ஷா கதவுக்கு வெளியே ஸ்டூலில் செய்தித்தாளும் கண்ணாடியும் வைத்துவிட்டுப் போனாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். வாயிலிருந்து அந்தக் கடைசிவரை இருபத்தைந்து அடிக்கு மேல் ஒரே குழாய் என்று படம் போட்டுக் காட்டினார். சாப்பாடு அதற்குள் போகிறது என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அந்தக் குழாய் கெட்டால் ரத்தம், தெம்பு, தூக்கம் எல்லாம் கெடும் என்றார். ஒரு வருஷமாக நான் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்ததற்கும் இதுதான் காரணமாம். நான் வயசு என்று நினைத்தேன். "உங்களுக்குக் கடைசி அரை அடியில்தான் கட்டி. கேன்சர். ஆனா எடுத்துடலாம்" என்றார். எனக்குத் தெரிந்த தொழில் ஆயிற்றே, "கட் பண்ணிட்டு ஜாயின்ட் போட்டுடலாமே சார்?" என்றேன். அவர் சிரிக்காமல், "ஜாயின்ட் போட ரெண்டு முனை வேணும்ல, உங்களுக்குக் கீழ் முனையே மிஞ்சாதே" என்றார். அண்ணி வெளியே போய் நின்றுகொண்டாள்.

ஆகவே இப்போது என் இடது பக்க அடிவயிற்றில் ஒரு வாசல் இருக்கிறது. கோவைப்பழம் அளவு, கோவைப்பழ நிறம். அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். போக வேண்டியதெல்லாம் அதில்தான் போகும், இனி ஆயுசுக்கும் அப்படித்தான். அடக்கவும் முடியாது, சத்தத்தை நிறுத்தவும் முடியாது, அது நினைத்தபோது பேசும். உன் அண்ணி அதன் பேரைச் சொல்ல மாட்டாள். "அவரு இன்னிக்கு எப்படிக் கீறாரு?" என்று மரியாதையாக விசாரிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நான் ஒருவன்தான் அவராக இருந்தேன். இப்போது எனக்குப் போட்டியாக ஒருத்தர் வந்துவிட்டார், அவருக்குத்தான் மோர், அவருக்குத்தான் குழைந்த சோறு, அவருக்காகத்தான் முட்டைக்கோசும் மொச்சையும் வீட்டுக்குள் வருவதில்லை.

மொச்சை என்றதும் உனக்கு நினைவுக்கு வந்திருக்கும். புரட்டாசி முடிந்ததும், அண்ணனுக்குப் பிடிக்குமே என்று மொச்சைக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்து, இரண்டு பஸ் மாறித் தூக்குப் பாத்திரத்தோடு வந்தாய். நான் சாப்பிட்டுக் கையலம்பின கையோடு, "சரி, இருட்றதுக்குள்ள கெளம்புங்க" என்று உங்களை விரட்டினேன். அப்போது மணி மூன்று. மாப்பிள்ளை வெயிலை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டார். உண்மை என்னவென்றால், வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல் மூன்று கரண்டி தின்றுவிட்டேன். பை பிறந்தநாள் பலூன் மாதிரி சட்டைக்குள் எழும்பிக்கொண்டு வந்தது. டிவி சத்தத்தை அத்தனை கூட்டி வைத்ததும் அதற்காகத்தான், நீ பேசுவது பிடிக்காமல் இல்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வராததும் அப்படியே. பூந்தமல்லி பஸ்ஸில் பாதி வழி வந்தேன். பை ஓரம் விட்டுக்கொண்டது. பக்கத்து சீட் அம்மாள் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எந்தச் சாக்கடை என்று தேடினாள். நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். உனக்கு போனில், "ஆள் வரலைன்னு ஓவர்டைம் போட்டுட்டாங்கம்மா" என்றேன். நீ சரியென்று வைத்துவிட்டாய். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கம்பெனி லீவு என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உங்கள் மொட்டை மாடி, சாமியானா, பிரியாணி வாசனை, எல்லாம் பிரமாதம். மனைப் பலகை போட்டாயிற்று. ஆசாரி கங்காதரன் ஊசியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். அதற்குள் நிஷாவே ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அது பேசியது. குழந்தை காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மாமா, உள்ள யாரு?" என்றாள். "யாரும் இல்ல கண்ணு" என்றேன். ஊசி குத்தினால் உதைக்கிற வயசு. அந்தக் குதிகால் எங்கே படும் என்று நினைத்துப் பார். நூறு பேர் நடுவில் பை கிழிந்து குழந்தையின் பட்டுப்பாவாடை மேல், உன் பதினோரு வருஷத் தவத்தின் மேல் கொட்டியிருந்தால், நான் அந்த மாடியிலிருந்து படி வழியாக இறங்கியிருக்க மாட்டேன். அதனால்தான் நம் சித்தப்பா மகன் மோகனைக் கையைப் பிடித்து இழுத்து, "எனக்கு இடுப்பு வலி, நீ உக்காருடா" என்றேன்.

நீ பேசியதை நான் மறக்கவில்லை, குற்றமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. "ஏண்ணா, ஜஸ்டின் கொழந்தைன்றதாலதானே? பதினாலு வருஷமா உள்ளயே வெச்சிகினுதானே கீறே?" என்று கேட்டாய். மாப்பிள்ளை, "உடு ஹேமா, மச்சானுக்கு இன்னா கஷ்டமோ" என்றார். ஆசாரி, "யாராச்சும் ஒரு மாமன் உக்காருங்கப்பா, அடுத்த தெருவுல இன்னும் ரெண்டு காது வெயிட்டிங்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு நான் வராததும், இரண்டு வருஷம் பேசாமல் இருந்ததும் என் தப்பு. அப்போது என் புத்தி கெட்டிருந்தது. இப்போது கெட்டது குடல் மட்டும்தான். ஜஸ்டினைப் போல ஒரு மனிதனை நானே தேடியிருந்தாலும் உனக்குக் கொண்டுவந்திருக்க முடியாது. நான் சாப்பிடாமல் கிளம்பியதாக நீ நினைத்தாய். நான் கீழே உங்கள் பாத்ரூமில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, மேலே நிஷா அழுகிற சத்தம் கேட்டு ஓயும்வரை நின்றிருந்தேன். பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்வாசல் வழியாகப் போனேன்.

காரணம் இந்தப் பை ஒன்றுதான். வேறு எதுவும் இல்லை. கெட்ட அரை அடியை வெட்டி எறிந்ததோடு வியாதியும் போய்விட்டது. இப்போது நான் கல்லு மாதிரி இருக்கிறேன். நீ பதறி அடித்துக்கொண்டு ஓடி வர வேண்டாம். அழாதே. யாரிடமும் சொல்லாதே. கோபம் தீர்ந்தால் பிளாக்கை மட்டும் எடுத்துவிடு, போதும். மாப்பிள்ளையிடம் ஒன்று சொல், அவருக்கு வயிற்றில் என்ன தொந்தரவு வந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் குசுகுசுக்காமல் டாக்டரிடம் சத்தமாகச் சொல்லட்டும். வெட்கத்துக்கு நான் கட்டிய அபராதம் எங்கள் வீட்டோடு போகட்டும். அண்ணி உன்னை விசாரித்தாள். நிஷாவின் காதுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டு வை, தோட்டைத் திருகிப் பார்க்காதே. உங்கள் மூன்று பேர் வயிறும் மனசும் என்றைக்கும் குளிர்ந்திருக்க வேண்டும் என்று சாமியையும், மாப்பிள்ளைக்காக அவருடைய சாமியையும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ரவிச்சந்திரன்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை வர்ஷாவிடம் கொடுத்தேன். பிழை பதினேழு என்றாள். அதோடு விடவில்லை. "அப்பா, காதுகுத்துக்கு முந்தின வாரமே ஆஸ்பத்திரி ரேணுகா சிஸ்டர்கிட்ட கேட்டோமே. புதுப் பை மாத்தி மேல பெல்ட் கட்டிக்கினா கொழந்தை தாராளமா உக்காரலாம்னு சொன்னாங்களே. நீயும் கட்டிக்கினுதானே வந்தே? அப்புறம் ஏன் இப்படி எழுதிக்கீறே?" என்றாள். கவரை ஒட்டி வை, ஆபீஸ் போகும்போது போஸ்ட் பண்றேன் என்று குளிக்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன். ஈரலில் இரண்டு இடத்தில் புதிதாக ஏதோ தெரிகிறதாம். டாக்டர் முன்னைப்போலப் படம் போட்டுக் காட்டவில்லை. மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார். எத்தனை வருஷம் என்று கேட்டேன், வருஷக் கணக்கு இப்போது வேண்டாம் என்றார். அண்ணிக்கும் வர்ஷாவுக்கும் தெரியாது. மேலே நீ வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன், அதை அடித்துவிடு. நீ வா. நீ பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் சொல்லிவிடுவேன். தனியாக எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்குப் பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. நிஷா ஓடிவந்தபோது எனக்கு வேறு நினைப்பு. அவள் பெரியவளாகும்போது பச்சை ஓலைக் குடிசை கட்டுகிறவனும் தாய்மாமன்தான், கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்கிறவனும் தாய்மாமன்தான். குழந்தைக்கு மூன்று வயசு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாமனாக மாறி மாறி நிற்பதைவிட, முதலிலிருந்தே ஒருத்தன் மடி பழகினால் நல்லது என்று பட்டது. மோகனுக்கு வயசு நாற்பதுதான், ஆளும் திடம்.

மோகன் கையைப் பிடித்து, இடுப்பு வலி, நீ உட்கார் என்று சொன்னேன் அல்லவா? "இனிமே எல்லாத்துக்கும் நீதான்டா" என்று மட்டும் சொல்லவில்லை.