முந்நூறு வில்லையும் ஒரு பித்தளைக் குடமும்

பிஸ்கட் டின்னை வீரராகவன் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். ஜல் ஜல் என்று அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

“ஆகாது” என்று மறுபடியும் தரையில் கொட்டினார்.

முந்நூறு வில்லைகள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. சூதாட்டக் கிளப்பில் ரூபாய்க்குப் பதிலாக மேஜைமேல் அடுக்குவார்களே, போக்கர் சிப்ஸ், அதேதான். கப்பலில் வேலை பார்த்த மைத்துனன் வாங்கிவந்த கல்யாணப் பரிசு. கல்யாணத்துக்கு எவனாவது இதைக் கொடுப்பானா? அவன் கொடுத்தான். கூட வந்த மரப்பெட்டியைக் கறையான் தின்று பத்து வருஷமாகிறது.

அதற்காக வீரராகவனைச் சூதாடி என்று நினைத்துவிட வேண்டாம். காசு வைத்து ஒரு ஆட்டம்கூட ஆடாத மனிதர். சாயங்காலமானால் அவரும் மனைவி புஷ்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து ரம்மி போடுவார்கள். கடைசியில் யார் பக்கம் வில்லை குறைச்சலோ, மறுநாள் காலைக் காப்பி அவர் பொறுப்பு. முப்பது வருஷத்தில் முக்கால்வாசி நாள் காப்பி போட்டது வீரராகவன்தான்.

புஷ்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் புடவைகளை மகளுக்குக் கொடுத்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார். இந்த வில்லைகளை விட மட்டும் மனசு வரவில்லை. அவள் விரல் பட்டுப் பட்டுச் சிவப்பு வில்லைகளின் ஓரமெல்லாம் மழுங்கிக் கிடந்தது.

இப்போது ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இரண்டே நாள். ரிட்டயர் ஆன மனிதருக்குப் போக்கிடம் திருநின்றவூரில் இருக்கும் மகள் பத்மா வீடுதான். பத்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

“அப்பா, ரெண்டே விஷயம். எங்க அத்தையோட ஊறுகா ஜாடி பக்கம் போகக் கூடாது. வேற கை பட்டா கெட்டுப்போயிடும்னு என்னையே தொட விடமாட்டாங்க. இன்னொண்ணு, சீட்டுங்கற பேச்சையே அந்த வீட்ல எடுக்காதே.”

பத்மாவின் மாமியார் சாமுண்டீஸ்வரிக்குச் சீட்டு என்றாலே சாமி வந்துவிடும். காரணம் ஊரறிந்தது. அவள் புருஷன் கஜபதி, ஏரிக்குக் கீழே இருந்த இரண்டு காணி நஞ்சையைச் சீட்டாட்டத்தில் விட்டவர். மனிதர் செத்து ஆறு வருஷமாகியும் ‘சீட்டுக்கார கஜபதி’ என்ற பேர் சாகவில்லை. நாலு வருஷத்துக்கு முன் பத்மா கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஒரு கட்டைப் பிரித்து உட்கார்ந்தார்கள். சாமுண்டீஸ்வரி வந்தாள், பிடுங்கினாள், சமையல் கொட்டகைக் கோட்டை அடுப்பில் வீசினாள். அட்டைப் பெட்டி பற்றி எரிந்ததை வீரராகவன் கண்ணாலேயே பார்த்தார்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்குள் முந்நூறு வில்லையைக் கொண்டுபோக வேண்டும். பிடிபட்டால் அவர் மானம் மட்டுமா போகும்? பத்மா அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அடுத்து நாலடுக்கு டிபன் கேரியரை எடுத்தார். அடுக்குக்கு ஒரு நிறம், அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. மூடிக் கொக்கியை மாட்டியவுடன், சாமான் கட்ட வந்திருந்த பத்மா உள்ளே நுழைந்தாள்.

“அட, இந்தக் கேரியர் இன்னும் இருக்கா! குடுப்பா, இவருக்குச் சாப்பாடு கட்ட ஆகும்.”

“வேணாம்மா. உள்ள தயிர்சாதம் இருக்கு.”

“நாலு அடுக்குலயுமா?”

“பசிக்குமேன்னு...”

“எப்பப் பிசைஞ்சது?”

“முந்தாநேத்து.”

“ஐயய்யோ! குடு இப்படி, கழுவித் தரேன்.”

அப்பா கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதைப் பார்த்து, தனியாக இருந்து இருந்து இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பத்மா கண் கலங்கினாள்.

கேரியர் கதை அதோடு முடிந்தது. ஆவடி பஜாரில் ஒரு சின்னத் தகரப் பெட்டி பார்த்தார். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

“உள்ள இன்னா வெக்கப் போறே நைனா?”

“சும்மா சாமான்தான். பூட்டு நல்லா இருக்குமா?”

“சும்மா சாமானுக்கு எதுக்கு நைனா பூட்டு?”

நியாயமான கேள்வி. பூட்டைப் பார்த்தால் சாவி எங்கே என்று பத்மா கேட்பாள். பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

கடைசியில்தான் பரண்மேல் இருந்த சின்னப் பித்தளைக் குடம் கண்ணில் பட்டது. புஷ்பாவின் சீர்க்குடம். வீரராகவனுக்குள் இருந்த ஸ்டோர் கீப்பர் முழித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷம் இரும்பையும் கண்ணாடியையும் அலுங்காமல் கட்டி அனுப்பிய கையாயிற்றே! இருபது இருபதாகக் காகிதத்தில் சுருட்டினார். இடுக்கிலெல்லாம் மரத்தூள் போட்டு அமுக்கினார். வாயை வெள்ளை வேட்டித் துணியால் மூடி, கழுத்தில் நூல் சுற்றித் தன் ஸ்பெஷல் முடிச்சைப் போட்டார். ஆட்டிப் பார்த்தார். மூச்சு இல்லை. பிரமாதம்! அது பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவே இல்லை.

ரயிலில் நல்ல கூட்டம். ஆனால் குடத்தை மடியில் வைத்து அவர் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர் எழுந்துகொண்டார். எதிரில் இருந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். இந்து காலேஜ் ஸ்டேஷனில் ஏறிய ஒரு அம்மாள், “சிவ சிவா” என்று அடுத்த பெட்டிக்கே போய்விட்டாள். வயசானவர்களுக்கு இந்தக் காலத்திலும் எவ்வளவு மரியாதை என்று நெகிழ்ந்துபோய், திருநின்றவூர் வரைக்கும் காலை நீட்டிக்கொண்டு வந்தார்.

வாசலிலேயே சாமுண்டீஸ்வரி நின்றிருந்தாள். கண் நேராகக் குடத்துக்குப் போனது.

“வாங்க சம்பந்தி. கையில இன்னா அது?”

வீரராகவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பாதி உண்மையைச் சொன்னார்.

“புஷ்பாவோட... ஞாபகம். யாரும் திறக்க வேணாம், சம்பந்தியம்மா.”

சாமுண்டீஸ்வரி இரண்டடி பின்னால் போனாள். “அட கடவுளே! ரெண்டு வருசமாவா கரைக்காம வெச்சினுக்கீறீங்க?”

அப்போதுதான் கையில் இருந்த குடத்தை வீரராகவன் முதன்முறையாகப் பார்த்தார். வெள்ளைத் துணி. கழுத்தில் நூல். ஆண்டவா!

உள்ளேயிருந்து ஓடிவந்த பத்மா ஓவென்று அழுதாள். “அப்பா! அம்மாவைக் காவேரியில கரைச்சுட்டேன்னு சொன்னியே!”

அஸ்தியா, சீட்டா? ஒரு கணம் யோசித்தார். அஸ்தி பரவாயில்லை.

“கொஞ்சமா எடுத்து வெச்சிருந்தேம்மா.”

மாப்பிள்ளை சம்பத் பயபக்தியோடு குடத்தை வாங்கி, திடுக்கிட்டார். “கொஞ்சமா? மூணு கிலோ தேறும் போலிருக்கே மாமா.”

“நல்ல உடம்பு அவளுக்கு.”

“அம்மா ஒல்லியாத்தானேப்பா இருந்தாங்க?” என்றாள் பத்மா, விசும்பலுக்கு நடுவே.

அஸ்தியை வீட்டுக்குள் வைக்க முடியுமா? கொல்லையில் முருங்கை மரத்தில் குடத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கீழே ஒரு அகல்விளக்கு. அக்கம்பக்கத்தார் வந்து கும்பிட்டுப் போனார்கள். சம்பத் கையோடு போய் ஐயரைப் பார்த்துவிட்டு வந்தார்.

“நாலு நாள்ல தை அமாவாசை மாமா. ஏரியிலயே கரைச்சுடலாம்னு சொல்லிட்டாரு. இனிமே அத்தை ஆத்மா நிம்மதியா இருக்கும்.”

வீரராகவன் நிம்மதி போயிற்று. ஐயர் துணியை அவிழ்ப்பார். உள்ளே இருந்து சிவப்பும் பச்சையுமாக வரும். பத்மா முகத்தில் எப்படி முழிப்பது? வாயை மூடிக்கொண்டு குடத்தோடு தண்ணீரில் விடலாம் என்றால், ஐயோ, அது புஷ்பா தொட்டது!

மறுநாள் ஒரு வழி தோன்றியது. குடத்திலிருப்பதை மாற்றிவிட்டால்? சம்பத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்விட்டார், பத்மா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டாள். வெந்நீர் அடுப்புச் சாம்பலைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு முருங்கை மரத்துக்குப் போனார். குடத்தில் கை வைத்ததும் பின்னால் குரல் கேட்டது.

“இன்னா சம்பந்தி?”

“இல்ல... புஷ்பாகிட்ட கொஞ்ச நேரம் பேசலாம்னு.”

சாமுண்டீஸ்வரியின் முகம் இளகிவிட்டது. “பேசுங்க, பேசுங்க. யாரும் வராம நான் பாத்துக்கிறேன்” என்று கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டாள்.

போச்சுடா! இனி பேசித்தான் ஆக வேண்டும். வீரராகவன் தொண்டையைச் செருமினார்.

“புஷ்பா... சௌக்கியமா?”

கிணற்றடியில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க. ஒரு குறையும் இல்ல. காப்பிகூட என்னைப் போட விடமாட்டேங்கறாங்க...” என்றவருக்குச் சட்டென்று குரல் உடைந்தது. நடிக்கத்தான் ஆரம்பித்தார். அதற்கப்புறம் நடிப்பு இல்லை. “கடைசி ஆட்டத்துல நான்தானே தோத்தேன். மறுநாள் காப்பி நான் போடணும். போட்டு எடுத்துக்கிட்டு வந்து எழுப்பினேன், நீ எழுந்திருக்கலை. அந்தக் காப்பி பாக்கி நிக்குது புஷ்பா. இப்ப யாருக்குப் போடுவேன் நான்?”

முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். அழுதபடியே உள்ளே போய்விட்டார். மடிப்பில் இருந்த பொட்டலம் மரத்தடியில் விழுந்ததைக் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் சாமுண்டீஸ்வரி தானே காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் கொல்லைப் பக்கமே குடிகொண்டுவிட்டதால், குடத்தை நெருங்கவும் வழியில்லாமல் போயிற்று.

தை அமாவாசை வந்தேவிட்டது. காலையிலேயே ஏரிக்கரை. தண்ணீர் தளும்பிக் கிடந்தது. ஐயர் மந்திரம் சொல்லி முடித்தார். பத்மா கும்பிட்டபடி அழுதாள்.

“துணியை அவுத்துட்டு, மெள்ளத் தண்ணியில விடுங்கோ” என்றார் ஐயர்.

வீரராகவன் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். அப்போது சாமுண்டீஸ்வரி குறுக்கே வந்தாள்.

“எல்லாரும் ரோட்டாண்ட போய் நில்லுங்க. புருசன் பொண்டாட்டி சமாச்சாரம், சம்பந்தி தனியா கரைக்கட்டும். வழுக்கிச்சுன்னா புடிக்க நான் இருக்கேன்.”

அவள் சொல்லி யார் மறுப்பது? எல்லோரும் கரையேறிப் போனார்கள். வீரராகவன் தீர்மானித்துவிட்டார். இனிமேல் தாங்காது.

“சம்பந்தியம்மா, என்னை மன்னிச்சுடுங்க. பத்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. இதுல இருக்கறது அஸ்தி இல்ல.”

“தெரியும்.”

அவர் குனிந்து குடத்தின் கழுத்தைப் பார்த்தார். அது அவர் போட்ட முடிச்சே இல்லை.

“மரத்தடியில சாம்பல் பொட்டலத்தை உட்டுட்டுப் போனீங்களே. புஷ்பாம்மா கொடத்துல இருந்தா, இது யாரு சாம்பல்னு யோசிச்சேன். அவுத்துப் பாத்தேன்.” இடுப்பிலிருந்து அதே பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். “இத்தக் கரைங்க. ரோட்டுலேருந்து எல்லாரும் பாக்கறாங்க.”

வெந்நீர் அடுப்புச் சாம்பல் முறைப்படி ஏரியில் கரைந்தது. ரோட்டிலிருந்து பத்மா மறுபடியும் கும்பிட்டாள்.

“இனிமே இதுங்களை எதுல வெக்கப் போறீங்க?” என்றாள் சாமுண்டீஸ்வரி, குடத்தைத் தட்டி.

“வெக்கறதா? வீட்லயா?”

“பரண்மேல பெரிய ஊறுகா ஜாடி ஒண்ணு காலியா கீது. வேற கை படாது.”

திகைப்பிலும் ஸ்டோர் கீப்பர் தலையெடுத்தார். “உப்பு ஏறிடாதா?”

“நாலு வருசமா இதுல ஏறலையே.” ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுருக்குப் பையைத் திறந்து ஒரு சீட்டுக் கட்டை எடுத்தாள். மாவடு வாசனை கும்மென்று அடித்தது. “கல்யாணத்துல அடுப்புல போட்டது வெறும் அட்டப் பொட்டி. ஊடு காலியானதும் தனியா கலைச்சுப் பாத்துக்குவேன். ஆடறதுக்குத்தான் ஆளில்ல. மூணு மணி ஆட்டம், காசு கெடையாது. தோத்தவங்க காப்பி போடணும். வெட்டுங்க.”

அவள் கையில் சீட்டுகள் சரசரவென்று புகுந்து புறப்பட்டன. அப்படிக் கலைக்கும் கையை வீரராகவன் கப்பல்கார மைத்துனனிடம்கூடப் பார்த்ததில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க, சம்பந்தியம்மா. அவரு ரெண்டு காணியை விட்ட சீட்டாச்சே. தொட எப்படி மனசு வருது?”

சாமுண்டீஸ்வரி ஏரிக்குக் கீழே தெரிந்த வயலைச் சீட்டுக் கட்டாலேயே சுட்டிக்காட்டினாள்.

“ரெண்டு காணியை உட்டது அவரு இல்ல சம்பந்தி, நானு. பேரை மட்டும் அவரு வாங்கிகினாரு.”